யாருக்கு எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள்?

ஒரு குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு வேலை வருகிறது. கொஞ்சம் சிக்கலானது, மேலிடத்தின் பார்வையில் படக்கூடியது. எதைக் கொடுத்தாலும் கச்சிதமாக முடித்துத் தருகிற ஒருவரிடம் மேலாளர் அதைக் கொடுத்துவிடுகிறார். வேலை நல்லபடியாக முடிகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஒருவர் இன்னும் கொஞ்சம் தேறிவிட்டார். மற்ற ஐந்து பேரும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அப்புறம் ஆண்டுக் கடைசியில் அப்ரைசல் நடக்கும்போது அதே ஐந்து பேரிடம், “நீங்கள் பெரிய பொறுப்புகளை எடுத்துச் செய்ய முன்வர வேண்டும்” என்று சொல்லப்படுகிறது.

தன் கீழ் வேலை செய்பவர்களின் வளர்ச்சிக்கு ஒரு மேலாளர் எப்படி உதவலாம் என்று கேட்டால், பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம், பாராட்டலாம், ஊக்கமாகப் பேசலாம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் ஒருவர் வளர்கிறாரா, தேங்கி நிற்கிறாரா என்பது பெரும்பாலும் யாருக்கு எந்த வேலை என்று முடிவாகிற அந்த நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பேச்சும் பாராட்டும் பயிற்சியும் அந்த முடிவுக்குத் துணையாக வரும்போதுதான் பலன் தருகின்றன. வேலைப் பங்கீடு மாறாமல் மற்றதை எல்லாம் மாற்றினாலும் ஒன்றும் நகராது என்பதே என் எண்ணம்.

மேலாளரால் உண்மையிலேயே வித்தியாசம் ஏற்படுகிறதா என்ற சந்தேகம் சிலருக்கு இருக்கலாம். கூகுளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. 2002இல் பொறியியல் பிரிவில் மேலாளர்களே இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள். செலவுக் கணக்கில் தொடங்கி ஊழியர்களுக்குள் வரும் தகராறு வரை எல்லாம் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடமே வந்து நிற்க, சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். பிற்பாடு, நல்ல மேலாளர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்பதை அதே நிறுவனம் தன் சொந்தத் தரவுகளை வைத்து அலசியது. ‘ப்ராஜெக்ட் ஆக்சிஜன்’ என்ற அந்த ஆய்வின் முடிவாக 2011இல் வெளியே தெரியவந்த எட்டு பழக்கங்களில் முதலிடத்தில் இருந்தது, நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்தில் இருந்தது. பொறியாளர்கள் நிறைந்த ஒரு நிறுவனத்தில் வந்த முடிவு இது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் லேசியர், கேத்ரின் ஷா, கிறிஸ்டோபர் ஸ்டாண்டன் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒவ்வொரு ஊழியரின் உற்பத்தியும் கணினியில் பதிவாகிற ஒரு பெரிய சேவை நிறுவனத்தின் தரவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் அங்கே அடிக்கடி வேறு வேறு மேலாளர்களின் கீழ் மாறிக்கொண்டே இருந்ததால், எந்த மேலாளரால் எவ்வளவு மாற்றம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் ஒரு மேலாளருக்குப் பதில் முதல் பத்து சதவீதத்தில் இருப்பவர் வந்தால், ஒன்பது பேர் குழுவில் பத்தாவதாக ஓர் ஆளைச் சேர்த்த அளவுக்கு உற்பத்தி கூடியது. முக்கியமான விஷயம் அடுத்து வருவது. அந்த மேலாளரை விட்டு வேறு இடத்துக்குப் போன பிறகும் ஊழியர்களிடம் அந்தப் பலன் பெருமளவு தங்கியிருந்தது. பக்கத்தில் நின்று விரட்டியதால் வந்த வேகமாக இருந்திருந்தால், அவர் போனதும் அதுவும் போயிருக்கும். அவர் கற்றுக்கொடுத்திருக்கிறார், அதனால்தான் தங்கியிருக்கிறது.

அப்படியானால் ஏன் பல மேலாளர்கள் கற்றுக்கொடுப்பதில்லை? ஒரு காரணம் அவர்கள் அந்த நாற்காலிக்கு வந்த வழியிலேயே இருக்கிறது. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அப்படி உயர்ந்த நட்சத்திர விற்பனையாளர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனை சராசரியாகக் குறைந்தது. தானே செய்து ஜெயித்துப் பழகியவருக்கு, இன்னொருவர் தட்டுத்தடுமாறிச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். கை தானாகவே நீளும், வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. பல வருடம் அந்த வேகத்துக்காகத்தான் அவருக்குச் சம்பளமும் பாராட்டும் கிடைத்திருக்கிறது.

இன்னொரு காரணம் அன்றாடக் கணக்கு. “நானே செய்தால் அரை மணி நேரம், அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நாள் போய்விடும்” என்று மேலாளர்கள் சொல்வதில் தவறே இல்லை, அன்றைக்கு மட்டும் பார்த்தால். வாரம் ஒருமுறை வருகிற அரை மணி நேர வேலை ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஐந்து மணி நேரம் ஆகிறது என்றால், பத்து வாரத்தில் அந்த ஐந்து மணி நேரம் திரும்பி வந்துவிடும். அதன்பின் மேலாளருக்கு வாரம் அரை மணி நேரம் மிச்சம், கற்றுக்கொண்டவருக்கு ஒரு புதுத் திறமை. இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாதது இல்லை. இந்த வார டெட்லைன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பத்தாவது வாரம் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் சொல்லிக்கொடுப்பதற்கான நேரத்தை, திட்டம் போடும்போதே வேலையின் ஒரு பகுதியாக ஒதுக்க வேண்டும். நேரம் கிடைத்தால் சொல்லிக்கொடுக்கலாம் என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

எந்த வேலை யாரை வளர்க்கும்?

ஒருவர் பெறும் வேலைத் திறமையில் 70 சதவீதம் வேலை அனுபவத்திலிருந்தும், 20 சதவீதம் மற்றவர்களிடமிருந்தும், 10 சதவீதம் வகுப்புகளிலிருந்தும் வருகிறது என்று மனிதவளத் துறையினர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த விகிதத்தின் வேர், 1980களில் அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் அமைப்பைச் சேர்ந்தவர்கள், வெற்றிகரமான நிர்வாகிகளிடம் அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று கேட்டுத் தொகுத்ததில் இருக்கிறது. ஞாபகத்திலிருந்து சொன்ன பதில்களை முழு எண்களாக்கிய கணக்கு அது. ஆகவே எண்களைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் சரி: மனிதர்கள் பெரும்பாலும் வேலை செய்துதான் வேலை கற்கிறார்கள்.

ஆனால் எல்லா வேலையும் கற்பிப்பதில்லை. ஐம்பது முறை செய்த அறிக்கையை ஐம்பத்தோராவது முறை தயாரிப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை. அதேசமயம், ஒருவரால் பாதிகூடப் புரிந்துகொள்ள முடியாத வேலையைத் தலையில் கட்டினால் அவர் கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். வளர்க்கிற வேலையில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது பெரும்பகுதி இருக்கும், தெரியாதது ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டு எது என்று மேலாளருக்கும் அவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். “இந்த வேலையில் கணக்கு முழுக்க உங்களுக்குத் தெரிந்ததுதான். வாடிக்கையாளரிடம் விலை பேசுவது மட்டும் புதுசு. அதில்தான் நான் கூட இருப்பேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பதற்கும், “பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கையில் திணித்துவிட்டுப் போவதற்கும் நிறைய தூரம்.

இன்டெல் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஆண்டி குரோவ் இதை ஒட்டி ஒரு தெளிவான கருத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு ஊழியரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பது, குறிப்பிட்ட அந்த வேலையில் அவருக்கு எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆள் ஒருவரேதான், ஆனால் வேலைக்கு வேலை இது மாறும். பத்து வருட அனுபவம் உள்ளவர் முதல்முறையாக ஒருவரை நேர்காணல் செய்யப் போகிறார் என்றால், நேர்காணலில் அவர் புதியவர். “சீனியர்தானே, அவருக்குத் தெரியும்” என்று விட்டுவிடுவது மரியாதை மாதிரித் தோன்றினாலும் உண்மையில் அது கைவிடுவது. அதேபோல, நன்றாகத் தெரிந்த வேலையில் ஒவ்வொரு வரியையும் திருத்துவது அவருடைய உழைப்பை மதிக்காத செயல்.

வேலையைக் கைமாற்றுவதை ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மேலிடத்துக்கு விளக்கம் தருகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவரை உடன் உட்கார வைத்து, கூட்டம் முடிந்ததும் எந்தக் கேள்விக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்று பேசலாம். அடுத்த மாதம் தயாரிப்பு அவருடையது, பேசுவது மேலாளர். அதற்கடுத்து அவர் பேசுவார், மேலாளர் பக்கத்தில் இருப்பார். பிறகு மேலாளர் அந்தக் கூட்டத்துக்கே போகாமல் இருக்கலாம். மூன்றாவது கட்டம்தான் எல்லோருக்கும் வழுக்குகிற இடம். அவர் ஒரு நொடி திணறியதும் மேலாளர் குறுக்கே புகுந்து பதிலைச் சொல்லிவிடுவார். அன்றோடு அறையில் இருக்கும் மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு மேலாளரையே பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சில நொடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது, என்னைக் கேட்டால், மேலாளர் செய்கிற மிகக் கடினமான உதவிகளில் ஒன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தக் குழுவிலும் செய்தே ஆக வேண்டிய, ஆனால் செய்பவருக்குப் பெயர் வாங்கித் தராத வேலைகள் உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு, புதிதாகச் சேர்ந்தவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது, அட்டவணைகளை ஒழுங்குபடுத்துவது. இவை யார் தலையில் விழுகின்றன? லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், இப்படிப்பட்ட வேலைக்குத் தாமாக முன்வருவதில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக இருந்தார்கள். யாரைக் கேட்கலாம் என்று வந்தபோதும் பெண்களிடமே 44 சதவீதம் அதிகமாகக் கேட்கப்பட்டது. கேட்டவர்களில் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் யாரோ ஒரு ஆண் முன்வரத்தான் செய்தார். அதாவது, பெண்கள்தான் செய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதே இதற்குக் காரணம். “யார் செய்கிறீர்கள்?” என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்கிற மேலாளர் தெரியாமலேயே ஒரு பக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறார். முறை வைத்துக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். கடந்த ஆறு மாதத்தில் கவனம் பெறுகிற வேலைகள் யார் யாருக்குப் போயின, கவனம் பெறாதவை யாருக்குப் போயின என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி எந்த மேலாளரிடமும் சொல்வேன். பத்து நிமிட வேலை. பலருக்கு அந்தத் தாள் அதிர்ச்சி தரும்.

ஃபீட்பேக்

வேலையைக் கொடுத்தாயிற்று. செய்கிறவருக்குத் தான் எப்படிச் செய்கிறோம் என்று தெரிய வேண்டும். ஃபீட்பேக் எவ்வளவு கொடுத்தாலும் நல்லது என்று பரவலாக நம்பப்படுகிறது. அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல், அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் செயல்திறனைக் கூட்டியது உண்மை. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது! அவர்கள் தந்த விளக்கம் மிகவும் பயனுள்ளது: பேச்சு வேலையை விட்டு ஆளை நோக்கித் திரும்பும்போது பலன் குறைகிறது. “உங்களுக்குப் பொறுப்பே இல்லை” என்றால் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கிவிடுகிறது. “நீங்கள் மேதை” என்றாலும் கவனம் தன்மீதே திரும்புகிறது. “மூன்றாவது பக்கத்தில் செலவு ஏன் கூடியது என்று சொல்லவில்லை, படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்” என்றால் உடனே திருத்த முடியும். பாராட்டும் இப்படியே குறிப்பாக இருக்கட்டும். எதைச் சரியாகச் செய்தோம் என்று தெரிந்தால்தான் அதை மறுபடி செய்ய முடியும்.

இதையெல்லாம் ஆண்டு அப்ரைசலுக்குச் சேர்த்து வைப்பது பெரிய வீண். மார்ச்சில் நடந்ததை டிசம்பரில் சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த மதிப்பெண்ணே எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் கேள்விதான். 2000இல் ஸ்டீவன் ஸ்கலனும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கான மேலாளர்கள் பெற்ற மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கால் வந்தது என்று கண்டார்கள். மென்பொருள் நிறுவனமான அடோபி 2012இலேயே ஆண்டு மதிப்பீட்டு முறையை விட்டுவிட்டு அடிக்கடி பேசுகிற முறைக்கு மாறியது. எல்லா நிறுவனமும் அப்படி மாறாது, மேலாளர் தனியாக அதை மாற்றவும் முடியாது. ஆனால் அப்ரைசல் அறையில் ஒருவர் முதல்முறையாகக் கேள்விப்படும் குறை எதுவும் இருக்கக் கூடாது என்ற ஒழுங்கை எந்த மேலாளரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு வாரத்துக்கு ஒன்றோ இரு வாரத்துக்கு ஒன்றோ தனியாக உட்கார்ந்து பேசும் நேரம் வேண்டும். அந்த நேரம் ஊழியருடையது, என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேலை எங்கே நிற்கிறது என்ற கணக்கெடுப்பாக அது மாறிவிட்டால் அதன் பயன் போய்விடும். அவசரம் வந்தால் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்புதான். அப்படி இரண்டு முறை ரத்தானால், தனக்கு என்ன மதிப்பு என்பதை அவர் சரியாகவே புரிந்துகொண்டுவிடுவார்.

தவறும் எதிர்பார்ப்பும்

புது வேலை என்றால் தவறு நடக்கும். அந்தத் தவறு மேலாளர் காதுக்கு வருமா என்பதுதான் கேள்வி. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் பிழையைப் பற்றிப் பேசப் பயம் இல்லை, அதனால் வெளியே வந்தன என்பதே அவர் கண்ட விளக்கம். மற்ற இடங்களில் அவை மறைக்கப்பட்டிருந்தன. மேலாளர் முதல் தவறுக்கு எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் குழு முழுவதும் பார்க்கிறது. “யார் செய்தது?” என்று ஆரம்பித்தால் அடுத்த தவறு தாமதமாக, பெரிதாகி வந்து சேரும். “என்ன நடந்தது, இப்போது என்ன செய்யலாம்?” என்று ஆரம்பித்தால் சீக்கிரம் வரும். வெளியில் கோபம் வரும்போது மேலாளர் முன்னால் நிற்பதும் இதில் அடக்கம். புது வேலையைக் கொடுத்தவர் அவர்தானே.

மேலாளர் ஒருவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதே அவருடைய வளர்ச்சியை மாற்றும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டோவ் ஈடன் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேல் ராணுவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்த 105 பேரில் சிலரைப் பற்றி இவர்களிடம் திறன் அதிகம் என்று பயிற்றுநர்களிடம் சொன்னார்கள். அந்தச் சிலர் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பயிற்சி முடிவில் அவர்களே தேர்வுகளில் முன்னால் நின்றார்கள். பள்ளிகளில் நடந்த இதே வகைச் சோதனைகளை 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியருக்கு மாணவரை இரண்டு வாரத்துக்கு மேல் தெரிந்திருந்தால் இந்த விளைவு ஏறக்குறைய இல்லாமல் போனது தெரிந்தது. அபிப்பிராயம் அவ்வளவு சீக்கிரம் இறுகிவிடுகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒருவர் சேர்ந்த முதல் சில வாரங்களில் அவரைப் பற்றி முடிவு கட்டாமல் இருக்க மேலாளர் வலிய முயல வேண்டும். “இவருக்கு இது வராது” என்று தோன்றினால், வருமா என்று பார்க்கும்படி ஒரு வேலையைக் கொடுத்தோமா என்று தன்னையே கேட்க வேண்டும்.

போக விடுவது

நன்றாக வளர்ந்த ஒருவருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் குழு போதாமல் போகும். அப்போது மேலாளரின் நலனும் ஊழியரின் நலனும் எதிரெதிராக நிற்கின்றன. இங்க்ரிட் ஹேகலே என்ற பொருளாதார ஆய்வாளர் ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் தரவை வைத்து இதை அளந்து பார்த்தார். ஒரு மேலாளர் வேறிடம் மாறிப் போகும் இடைவெளியில், அவர் கீழ் இருந்தவர்கள் நிறுவனத்துக்குள் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பது இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. அதுவரை அவர்களுக்குத் தகுதியோ விருப்பமோ இல்லாமல் இல்லை. நல்ல ஆட்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ள மேலாளர் ஏதோ ஒரு வகையில் தடுத்திருக்கிறார். நேரடியாக மறுத்திருக்க வேண்டியதில்லை. “இந்தப் ப்ராஜெக்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பதே போதும்.

இதற்கு மேலாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவருடைய குழு இந்தக் காலாண்டில் எவ்வளவு முடித்தது என்று மட்டும் நிறுவனம் கேட்கும்வரை, நல்ல ஆளை அனுப்பி வைப்பது அவருக்கு வெறும் நஷ்டம். ஒருவரை வளர்த்து வேறு பிரிவுக்குத் தந்த மேலாளருக்கு, காலியான இடத்தை நிரப்ப முன்னுரிமை தரலாம். அவரிடமிருந்து எத்தனை பேர் அடுத்த நிலைக்குப் போனார்கள் என்பதை அவருடைய மதிப்பீட்டில் சேர்க்கலாம். மேலாளர் தன் அளவில் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேட்டு, பதில் “வேறு பிரிவுக்கு” என்று வந்தாலும் முகம் சுளிக்காமல் அதற்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுப்பது. சிக்கலான வேலைகளை ஆறு பேருக்கும் பகிர்ந்து கொடுத்து வந்தவருக்கு, அவர்களில் ஒருவர் கிளம்பும்போது அந்த வேலை தெரிந்த இன்னும் இரண்டு மூன்று பேர் குழுவிலேயே இருப்பார்கள். எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்து வந்தவர்தான் அவரைப் போக விட முடியாமல் தவிப்பார்.